நெல் ஏத்துற லொறிக் கம்பனியின் பதிவும் பாதுகாப்பும் எப்படிச் சரிபார்க்கிறது?

முரசுமோட்டை_நெல் (கேள்வி):

வணக்கம். கமக்காரர் அமைப்பொன்றுக்காகக் கேட்கிறேன். காலபோக அறுவடையோட முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கத்து நெல்லை வவுனியா ஆலைக்கும், குத்தின அரிசியைக் கொழும்புக்கும் ஏத்த லொறி ஒப்பந்தம் போடவேணும். மூன்று விலை வந்திருக்கு. ஒன்று பிரைவேட் லிமிட்டெட் கம்பனி, 11 லொறி இருக்கென்று கடிதத்தில் எழுதியிருக்கு. அடுத்தது பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் மட்டும் பதிஞ்சது. மூன்றாவது ரெண்டு கன்ரர் (சின்ன லொறி) வைச்சிருக்கிற தனியாள், விலை அவருடையதுதான் குறைவு.

பதிவுக் கொப்பி எல்லாரும் தந்திட்டினம். அதை வைச்சு என்ன முடிவெடுக்கிறதென்று விளங்கேல்லை. இவையின்ர லொறியள் முந்தி விபத்தில் பட்டிருக்கோ, பிறேக் ஒழுங்கோ, சாரதியிட்ட சரியான லைசன்ஸ் இருக்கோ என்று பேரையோ நம்பரையோ போட்டுப் பார்க்க ஒரு இடம் இருக்கோ? இல்லாவிட்டால் எந்தப் பத்திரத்தை எதோட ஒத்துப் பார்க்கவேணும்?

கச்சேரிக்_கோப்பு:

ஒரே இடத்தில் கம்பனிப் பேரைப் போட்டுப் பாதுகாப்பு வரலாறு முழுக்கப் பார்க்கிற பக்கம் எங்கட நாட்டில் இல்லை. இங்கே எல்லாம் வாகனத்துக்கு வாகனம், ஆளுக்கு ஆள். அதால உங்கட கேள்வியை மூன்றாகப் பிரிச்சுக்கொள்ளுங்கோ: பணம் வாங்கிறது ஆர், லொறி ஆருடையது, ஓட்டுறது ஆர்.

பணம் வாங்கிறவரைப் பார்க்கிறது லேசு. பிரைவேட் லிமிட்டெட் என்றால் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ பதிஞ்சிருக்கவேணும். கம்பனிப் பதிவாளர் திணைக்கள இணையத்தளத்தில் பேரையோ பீ.வி. என்று தொடங்கிற பதிவு இலக்கத்தையோ போட்டுத் தேடலாம். கடிதத் தலைப்பில் இருக்கிற பேரும் பதிவில் இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாய் இருக்கவேணும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுறவர் உண்மையிலேயே பணிப்பாளரோ என்று பார்க்க, கம்பனி பதியேக்குள்ள குடுத்த 1ஆம் இலக்கப் படிவம், பணிப்பாளர் மாறியிருந்தால் 20ஆம் இலக்கப் படிவம், கடைசி ஆண்டறிக்கைக்கு 15ஆம் இலக்கப் படிவம், இந்த மூன்றின்ரயும் உறுதிப்படுத்தின பிரதியைக் கேளுங்கோ. வியாபாரப் பெயர் மட்டும் பதிஞ்சவர் என்றால் சான்றிதழில் இருக்கிற ஆளே முழுப் பொறுப்பு. அது குறையில்லை, அவருடைய தேசிய அடையாள அட்டையோட ஒத்துப் பார்த்தால் போதும். ஆனால் இந்தப் பதிவுகள் எதுவும் லொறியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

லொறிக்கு நாலு பத்திரம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழ், ஆண்டுக்கொருக்கால் மாகாணத்தால் குடுக்கிற வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ். புகைச் சான்றிதழும் தகுதிச் சான்றிதழும் இல்லாமல் பொருள் ஏத்துற லொறிக்கு வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கேலாது. ஆனபடியால் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற பத்திரம் உண்மையானதென்றால், அந்தத் திகதியில் மற்றவையும் இருந்திருக்கவேணும். அந்தத் திகதிக்குப் பிறகு காப்புறுதி அறுந்துபோயிருக்கலாம். அதால காப்புறுதியைத் தனியாகப் பாருங்கோ.

பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் பெயர், என்ஜின் இலக்கம், சசி (அடிச்சட்ட) இலக்கம், வெற்று நிறை, மொத்த நிறை இருக்கும். லீசிங்கில் ஓடுற வண்டியென்றால் லீசிங் கம்பனியின்ர பெயரும் பதிவில் ஏறியிருக்கும். மூலப் பிரதி அவையிட்டத்தான் இருக்கும், உங்களுக்குப் போட்டோ கொப்பி தான் வரும், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. உரிமையாளர் பேர் உங்களுக்கு விலை தந்தவருடையதாய் இல்லாவிட்டால் ஏன் என்று கேட்கவேணும். ஒன்றில் வாடகைக்கு எடுத்த லொறி, இல்லாவிட்டால் பேர் மாத்தாமல் ஓப்பின் பேப்பரில் வாங்கின லொறி. வாகனம் கைமாறினால் 14 நாளுக்குள்ள திணைக்களத்துக்கு அறிவிக்கவேணும் என்பது சட்டம். அதைச் செய்யாமல் பேப்பரை மட்டும் கையில் வைச்சு ஓடினால், விபத்து நடந்த அன்று பொலிஸ் போய் நிற்கிறது பழைய உரிமையாளர் வீட்டு வாசலில். உங்கட நட்டத்துக்கு ஆரைப் பிடிக்கிறது என்பதிலேயே காலம் போயிடும்.

ஒன்று சொல்லவேணும். இலக்கத் தகட்டில் வட மாகாண எழுத்து இருக்கிறதால லொறி இங்கத்தையது என்று எடுக்காதேங்கோ. அது தகடு குடுத்த காலத்துப் பதிவு விலாசத்தைக் காட்டுதே தவிர, எங்கே ஓடுதென்று காட்டாது, 2023இலிருந்து புதுத் தகடுகளில் அந்த எழுத்தே இல்லை.

மாங்குளம்_கராஜ்:

பத்திரத்தைப் பற்றி அண்ணை சொன்னது சரி. ஆனால் தகுதிச் சான்றிதழ் பரிசோதிச்ச அன்றைய நிலைமையைத்தான் சொல்லும். பத்து மாதம் கிரவல் றோட்டில் ஓடின லொறியைப் பற்றி அது என்ன சொல்லும்? ஒரு லொறிக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கி, பகல் வெளிச்சத்தில், சுமை இல்லாமல் பாருங்கோ.

முதல்ல சசி இலக்கம். எல்ஃப், கன்ரர் போன்றவற்றில் பெரும்பாலும் வலப்பக்கச் சட்டத்தில், முன் சில்லுக்குக் கிட்டப் பொறிச்சிருக்கும். டீசல் தோய்ச்ச துணியால துடைச்சு, கம்பிப் பிறஷ்ஷால ரெண்டு இழுவை இழுத்து, மேல மெல்லிய கடுதாசியை வைச்சுப் பென்சிலைச் சரிச்சுப் பிடிச்சுத் தேயுங்கோ. இலக்கம் அப்படியே ஏறும். அந்தக் கடுதாசியைப் பதிவுச் சான்றிதழ் கொப்பியோட ஒட்டி வையுங்கோ. இலக்கங்களுக்கு இடையில் இடைவெளி கூடிக் குறைஞ்சிருந்தாலோ, ஒரு இலக்கம் மட்டும் ஆழமாய் இருந்தாலோ, சுத்திவர கிறைண்டர் தேய்ச்ச அடையாளமோ வெல்டிங் வரியோ தெரிஞ்சாலோ அந்த லொறியோட பேச்சை நிற்பாட்டுங்கோ.

பிறகு ரயர். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தால் சுமையோட ஏ9 றோட்டு வெயிலுக்குத் தாங்காது. பூவுக்கு நடுவில் இருக்கிற தேய்வுக் கட்டையின்ர உயரம் 1.6 மில்லிமீற்றர். பூ அந்தக் கட்டையோட சமமாய் வந்திட்டால் ரயர் முடிஞ்சுது. முன் அச்சில் டக் பண்ணின (பழைய ரயரில் புதுப் பூ ஒட்டின) ரயர் இருந்தால் மாத்தச் சொல்லுங்கோ. பின்னால ஒன்று கழன்றால் பக்கத்து ரயர் தாங்கும், முன்னால கழன்றால் ஸ்டியரிங் கையை விட்டுப் போயிடும். பின் சோடி ரயர்களில் உள்ரயர் காத்துப் போயிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, வெளிரயர் சுமந்துகொண்டு நிற்கும். இரும்புக் கம்பியால ரெண்டையும் தட்டிப் பாருங்கோ. காத்திருக்கிற ரயர் துள்ளிக் கம்பியைத் திருப்பி விடும், காத்துப் போனது மண்மூட்டையில் அடிச்ச மாதிரிச் சத்தம் வரும். ரெண்டுக்கும் இடையில் கல் சிக்கியிருக்கோ என்றும் பாருங்கோ. எங்கட கிரவல் ஒழுங்கைகளில் அது நாளாந்தம் நடக்கிறது, ஓட ஓட ரெண்டு ரயரையும் உள்ளுக்குள்ளால வெட்டும்.

சில்லு நட்டிலிருந்து வெளிப்பக்கமாய்க் கதிர் மாதிரித் துருக் கோடு இறங்கியிருந்தால் அந்த நட்டு இளகி ஆடுது. சில்லுக்கு உட்பக்கம் எண்ணெய் வழிஞ்சிருந்தால் எண்ணெயை மறிக்கிற ஹப் சீல் பழுது, அந்த எண்ணெய் பிறேக் லைனிங்கில் ஏறி அந்தச் சில்லு பிடிக்காது. நாலு சில்லில் ஒன்று பிடிக்காட்டில் சடன் பிறேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிறேக்கைப் பார்க்கிறது வண்டியைப் பொறுத்தது. கன்ரர், எல்ஃப் போன்ற சின்ன லொறியில் பெரும்பாலும் ஒயில் பிறேக். என்ஜினை நிற்பாட்டிப் பெடலை நாலைஞ்சு தரம் மிதிச்சு, மிதிச்ச காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கோ. வாக்கம் பூஸ்டர் வேலை செய்தால் பெடல் கொஞ்சம் கீழ இறங்கும். இறங்காட்டில் பூஸ்டரோ குழாயோ பழுது. பிறகு 30 செக்கன் அழுத்திப் பிடியுங்கோ. மெல்ல மெல்லத் தரையைத் தொடப் போனால் மாஸ்டர் சிலிண்டரோ சில்லுச் சிலிண்டரோ கசியுது.

பெரிய லொறியில் காத்துப் பிறேக். சில்லுக்குக் கட்டை வைச்சு, ஹாண்ட் பிறேக்கை விட்டு, காத்தை முழுக்க ஏத்தி என்ஜினை நிற்பாட்டிப் பெடலை அழுத்திப் பிடிச்சு ஒரு நிமிசம் காத்து அமுக்க மானியைப் பாருங்கோ. இழுவை இல்லாத ஒற்றை லொறிக்கு 3 பீ.எஸ்.ஐ.க்கு (அமுக்க அலகு) மேல இறங்கப்படாது. அமெரிக்காவில் கனரகச் சாரதிப் பரீட்சையில் இருக்கிற அளவு அது, இங்கேயும் வைச்சுக்கொள்ள நல்ல அளவு. பிறகு என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓன் பண்ணி, பெடலை விட்டு விட்டு மிதிச்சுக் காத்தை இறக்குங்கோ. 60 பீ.எஸ்.ஐ. வர முன்னமே எச்சரிக்கை லைற்றோ சத்தமோ வரவேணும். பஸர் வயரைக் கழற்றி விட்டிருக்கிற லொறி நிறைய. காத்துத் தாங்கியின்ர அடி வால்வைத் திறந்தால் தண்ணி ஒரு கோப்பை அளவு ஊத்துப்பட்டால், அந்தச் சாரதி மாதக் கணக்காய் அதைத் திறக்கேல்லை என்று விளங்கிக்கொள்ளலாம்.

முரசுமோட்டை_நெல்:

மிக்க நன்றி. சாரதி லைசன்ஸைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. மற்றது, விபத்து வரலாற்றை அறிய வழியே இல்லையோ?

காப்புறுதி_வன்னி:

லைசன்ஸ் அட்டையின்ர முன்பக்கத்தைப் பார்த்திட்டு விடாதேங்கோ. பின்பக்க அட்டவணையில் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனித் திகதி இருக்கு. மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேல 17,000 வரைக்கும் சி1, அதுக்கு மேல சி, 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவையோட போற லொறிக்கு சிஈ. கனரக வகைகளுக்கு 4 வருசம், இலகு வாகனத்துக்கு 8 வருசம். கார் வகை உயிரோட இருக்க, அதே அட்டையில் சி1 காலாவதியாகியிருக்கும். சாரதிக்கே அது தெரியாமல் இருக்கும். விபத்து நடந்து நட்டஈடு கேட்கேக்குள்ள காப்புறுதிக் கம்பனி முதல் பார்க்கிறது அந்தப் பின்பக்கத்தைத்தான்.

விபத்து வரலாற்றுக்கு நேர் வழி இல்லை, சுத்து வழி இருக்கு. லொறிக்கு முழுக் காப்புறுதி இருந்தால் புதுப்பித்தல் அறிவித்தலில், நட்டஈடு கோராததுக்கான கழிவு எத்தனை வீதம் என்று போட்டிருக்கும். தொடர்ந்து மூன்று வருசப் புதுப்பித்தல் அறிவித்தலைக் கேளுங்கோ. வருசா வருசம் கழிவு ஏறியிருந்தால் பெரிய நட்டஈடு எடுக்கேல்லை. நடுவில் ஒருக்கால் விழுந்திருந்தால் அந்த வருசம் என்ன நடந்ததென்று கேளுங்கோ. ஒளிக்காமல் விபரம் சொல்லி, திருத்தின பில்லையும் காட்டுறவரோட வேலை செய்யலாம். ஆனால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ள லொறிக்கு இந்தக் கணக்கு ஒன்றும் சொல்லாது. கையோட காசு குடுத்துத் தீர்த்த விபத்தும் இதில் வராது.

காப்புறுதிச் சான்றிதழில் இருக்கிற பயன்பாட்டு வரியையும் வாசியுங்கோ. சொந்தப் பொருள் ஏத்த என்று எடுத்த காப்புறுதியில் வாடகைக்கு ஓடினால் பிரச்சினை வரும். சான்றிதழ் உயிரோட இருக்கோ என்று காப்புறுதிக் கம்பனிக்கே எடுத்துக் கேளுங்கோ. லொறிக்காரர் தாற நம்பருக்கு இல்லை, கம்பனியின்ர இணையத்தளத்தில் இருக்கிற நம்பருக்கு.

இன்னொன்று, எல்லாரும் பிழை விடுற இடம். லொறிக்கு முழுக் காப்புறுதி இருந்தாலும் உங்கட நெல்லுக்கு அது இல்லை. ஏத்திப்போற பொருளுக்கு வேறயாய்க் காப்புறுதி எடுக்கவேணும். அதை லொறிக்காரர் எடுக்கிறதோ அமைப்பு எடுக்கிறதோ என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கோ. மழை நனைவு அதுக்குள்ள வருமோ என்பதையும் கேளுங்கோ, காலபோக நெல்லுக்கு அது முக்கியம்.

ஒன்ராறியோ_ஓட்டி:

நீங்கள் கேட்ட மாதிரிப் பெயரைப் போட்டுப் பார்க்கிற முறை அமெரிக்காவிலும் இங்கே கனடாவிலும் இருக்கு. அதை அப்படியே அங்கே எடுக்கேலாது, ஆனால் அவை எதை எண்ணுகினம் என்பதை எடுக்கலாம்.

அமெரிக்காவில் லொறிக் கம்பனிக்கு அரசு குடுக்கிற யூ.எஸ்.டொட் இலக்கத்தைப் போட்டால் சேஃபர் என்ற அரசுப் பக்கத்தில் கம்பனியின்ர பேர், விலாசம், எத்தனை லொறி, எத்தனை சாரதி, கடைசி 24 மாதத்தில் எத்தனை பரிசோதனை, அதில் எத்தனை வீதம் அந்த இடத்திலேயே ஓட விடாமல் நிற்பாட்டினது என்று வரும். பக்கத்தில் தேசிய சராசரியும் இருக்கும். விபத்து எண்ணிக்கையை உயிரிழப்பு, காயம், இழுத்துக்கொண்டு போனது என்று பிரிச்சிருப்பினம், ஆனால் ஆரின்ர பிழை என்று அதில் இல்லை. ஒன்ராறியோவில் 4,500 கிலோவுக்கு மேற்பட்ட லொறி ஓட்டுற கம்பனிக்கு சீ.வீ.ஓ.ஆர். என்று ஒரு பதிவு. அதுவும் 24 மாதக் கணக்குத்தான்.

அந்த நிற்பாட்டின வீதம் விபத்து எண்ணிக்கையை விடக் கூடச் சொல்லும். விபத்து எப்பவாவது நடக்கிறது, பிறேக் பழுதோட றோட்டில் இறக்கிறது பழக்கம். உங்கட அமைப்பு அதே மாதிரி ஒரு கொப்பி வைக்கலாம். ஏத்த வாற ஒவ்வொரு லொறிக்கும் திகதி, இலக்கம், சாரதி, கராஜ்காரர் சொன்ன அந்தச் சோதனையில் எது சரியில்லை, திருப்பி அனுப்பினதோ என்று ஒரு வரி. ரெண்டு போகம் போனால் அடுத்த ஒப்பந்தத்துக்கு உங்களிட்ட ஒரு வரலாறு இருக்கும். பக்கத்து அமைப்புகளோட அந்தக் கொப்பியைப் பகிருங்கோ.

இங்கே இன்னொரு தில்லுமுல்லு உண்டு. பேர் கெட்டால் கம்பனியை மூடிவிட்டு அதே லொறி, அதே விலாசத்தோட புதுப் பேரில் திறக்கிறது. அங்கேயும் அது நடக்கலாம். கம்பனிப் பதிவுத் திகதி போன மாதமாயும் லொறியள் பதினைஞ்சு வருசப் பழசாயும் இருந்தால், அந்த லொறியள் முந்தி ஆரின்ர பேரில் ஓடினது என்று கேளுங்கோ.

கச்சேரிக்_கோப்பு:

அதைக் கேட்க 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கு. இன்ன இலக்க வாகனத்துக்கு இன்ன காலத்தில் தகுதிச் சான்றிதழ் வழங்கப்பட்டதோ, எந்தத் திகதியில் என்று தமிழிலேயே எழுதித் தகவல் அலுவலருக்குக் குடுக்கலாம். 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ என்ற முடிவைச் சொல்லவேணும். உரிமையாளரின்ர தனிப்பட்ட விபரத்தைக் கேட்டால் மறுப்பினம், அதால வாகனத்தைப் பற்றி மட்டும் கேளுங்கோ. அறுவடைக்கு முதல் கிழமை கேட்டுப் பிரயோசனமில்லை, புரட்டாதி ஐப்பசியிலேயே குடுங்கோ.

முரசுமோட்டை_நெல்:

ஒரு கன்ரரின்ர பதிவில் மொத்த நிறை 7,500, வெற்று நிறை 3,400 என்று கிடக்கு. அவர் 75 மூட்டை ஏத்தலாம் என்கிறார். எங்கட மூட்டை ஏறக்குறைய 70 கிலோ.

மாங்குளம்_கராஜ்:

ஏலாது. 7,500இல் 3,400 போக 4,100. சாரதியும் கிளீனரும் சேர்த்து 150 கிலோ என்று வைச்சால் மிச்சம் 3,950. 70 கிலோப்படி 56 மூட்டை. 75 மூட்டை என்றால் 5,250 கிலோ, அளவுக்கு மேல 1,300 கிலோ.

அந்த 56ம் காய்ஞ்ச நெல்லுக்குத்தான். மெசினால வெட்டின கையோட ஏத்தினால் ஈரப்பதன் 20 வீதத்தில் நிற்கும். 14 வீதத்துக்குக் காய்ஞ்சு 70 கிலோ நிற்கிற மூட்டை ஈரத்தில் 75 கிலோவுக்கு மேல வரும். 56 மூட்டையே 4,200ஐத் தாண்டும். பச்சை நெல் என்றால் 52 மூட்டையோட நிற்பாட்டுங்கோ. பெட்டிக்குப் பலகை அடிச்சு உயர்த்தியிருந்தாலோ, சசிக்குத் தகடு வைச்சு வெல்ட் பண்ணியிருந்தாலோ 3,400 என்ற கணக்கும் பிழை. ஆலைத் தராசில் வெறும் லொறியை ஒருக்கால் நிறுத்து எழுதுங்கோ.

உயரமாய் அடுக்கின மூட்டையோட இரவில் ஏ9இல் போகேக்குள்ள மாடு படுத்திருக்கும். சாரதி வெட்டி ஒடிச்சால் சுமை சாயும், ஒடிக்காமல் பிறேக் அடிச்சால் கூடின நிறைக்கு நிற்காது. ஏத்திறதை மத்தியானத்துக்குள்ள முடிச்சு விடுங்கோ. பகல் முழுக்க மூட்டையோட நின்ற சாரதியை இரவில் கொழும்புக்கு அனுப்புறதென்றால் ரெண்டாவது சாரதி வேணும், அவருடைய லைசன்ஸின்ர பின்பக்கமும் பார்க்கவேணும்.

முரசுமோட்டை_நெல்:

11 லொறிக் கம்பனி இன்று பத்திரங்களை அனுப்பினது. ஏழு லொறிதான் கம்பனி பேரில். நாலு வேற ஆக்களின்ர பேரில். அதில் ஒன்றின்ர வருமான அனுமதிப்பத்திரம் மாசி மாதம் முடியுது.

கச்சேரிக்_கோப்பு:

நாலு லொறி வெளியாட்களுடையது என்பது குற்றமில்லை, அறுவடை நேரம் எல்லாரும் வெளியில் லொறி பிடிக்கிறவைதான். ஆபத்து அதுக்கு அடுத்த படியில். நீங்கள் ஏழு லொறியையும் பார்த்துக் கையெழுத்து வைப்பியள், வயலுக்கு வந்து நிற்கிறது எட்டாவதாய் ஒன்று.

ஒப்பந்தத்தில் இப்பிடி எழுதுங்கோ. அட்டவணையில் வாகன இலக்கமும் சசி இலக்கமும் உள்ள லொறிகள் மட்டுமே ஏத்தலாம். மாற்று லொறி வரவேணுமென்றால் முதல் நாள் பின்னேரம் 4 மணிக்கு முன்னம் நாலு பத்திரமும், சாரதி லைசன்ஸின்ர ரெண்டு பக்கமும் படமாய் வந்திருக்கவேணும். வராத லொறிக்கு மூட்டை ஏத்தப்படாது, காத்திருந்த கூலியும் இல்லை. வெளியாட்களின்ர நாலு லொறிக்கும் உரிமையாளர் கையெழுத்தோட சம்மதக் கடிதம் வாங்குங்கோ, நட்டத்துக்குக் கம்பனியே பொறுப்பு என்ற வரியும் சேருங்கோ.

மாசியில் முடியிற லொறியை அட்டவணையில் போடலாம். பக்கத்தில் முடிவுத் திகதியை எழுதி, புதுப்பிச்ச பத்திரம் கைக்கு வரும்வரைக்கும் அந்தத் திகதிக்குப் பிறகு ஏத்தேலாது என்று குறியுங்கோ. புதுப்பிக்கிறதுக்குத் தகுதிச் சான்றிதழ் திரும்ப எடுக்கவேணும், அறுவடை உச்சத்தில் லொறியை ரெண்டு நாள் நிற்பாட்ட அவைக்கு மனம் வராது. அதால தை மாதமே எடுக்கச் சொல்லி இப்பவே கேளுங்கோ.

முரசுமோட்டை_நெல்:

நன்றி. சனிக்கிழமை ஏழு லொறியையும் அமைப்பு வளவுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கு. மெல்லிய கடுதாசியும் பென்சிலும் வாங்கியாச்சு. தனியாளின்ர ரெண்டு கன்ரரையும் அதே நாள் வரச் சொல்லியிருக்கு, 52 மூட்டைக் கணக்குக்கு விலையைத் திருத்தித் தரச் சொல்லி.